கரி ஏறின கிண்ணம்

ஒரு ஊர்ல ஒரு தூங்காத பொண்ணு இருந்தா. பேரு பூரணி. உன்ன மாதிரி அடம் பிடிச்சு இல்ல, நெசமாவே தூக்கம் வராது. கால மடக்கிப் படு, எனக்கே இடுப்பு விட்டுப்போச்சு. 'ம்' கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

"ம்."

அவ அம்மா எட்டு மாசம் சீக்கா கெடந்துச்சு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சு பூரணி துவண்டுபோயிட்டா. அப்போ ஒரு நாள் காலையில அம்மா, "செத்த நேரம் பக்கத்துல உக்காருடி"ன்னுச்சு. இவ, "உக்கார எனக்கு எங்கேம்மா நேரம்?"னு வள்ளுன்னு விழுந்துட்டா. அன்னிக்குச் சாயங்காலமே அம்மா போய்ச் சேந்துடுச்சு. அதுலேருந்து கண்ண மூடினா அந்தப் பேச்சுதான் காதுல கேக்கும். அழுகையும் வரல, தூக்கமும் வரல.

"பாவம் பெரியம்மா."

பாவந்தான். வீட்டுல ஒரு மஞ்சப்பை நெறைய ஆஸ்பத்திரிச் சீட்டு. பூரணிக்கு ஒரு கைவேல தெரியும். காகிதத்த ஊறவெச்சு, வெந்தயம் சேத்து அரைச்சு, சட்டியக் கவுத்து அது மேல அப்பிக் காயவெச்சா, கிண்ணமா வரும். டவுன்ல கண்காட்சி நடத்துற அம்மா ஒருத்தங்க, "ஒண்ணு கொண்டாம்மா, வெக்கிறேன்"னு முதமுதலா கேட்டிருந்தாங்க. சரின்னு அந்தச் சீட்டையே எடுத்தா. அம்மா மீன் கொழம்பு வெக்கிற மண்சட்டியக் கவுத்தா.

முதத் தடவ கோவம். யார் மேல? தன் மேலதான். டர்ர்... டர்ர்னு பெருசு பெருசா கிழிச்சு அப்பினா. காயக் காய கிண்ணம் படக்குனு வெடிச்சுப்போச்சு.

அப்புறம் ரெண்டாந் தடவ அவசரம். இத முடிச்சா மனசு ஆறிடும்னு நெனப்பு. வெந்தயம் ஊறுறதுக்குள்ள அரைச்சுட்டா. தொட்டா பொலபொலன்னு உதிருது. எல்லாத்தையும் திரும்பத் தண்ணியில போட்டா. தூங்கிட்டியா?

"இல்ல... ம்."

மூணாந் தடவ கோவமும் இல்ல, அவசரமும் இல்ல. வெறும் அலுப்பு. பொடிசா கிழிச்சா, பதமா அரைச்சா, தட்டித் தட்டி அப்பினா. நாலு நாள் வெயில்ல மொடமொடன்னு காஞ்சுது. எடுக்குறா, வரல. இழுக்குறா, வரல. சட்டி மேல மொதல்ல ஈரத்துணி போத்தணும், அதுக்கு மேலதான் கூழ அப்பணும். முன்ன ரெண்டு தடவையும் போத்தினவ, அசதியில இந்தத் தடவ மறந்தே போயிட்டா.

"அப்போ?"

அப்போ என்ன, சட்டிய ஒடைக்கணும், இல்லாட்டி கிண்ணத்தக் கிழிக்கணும். அம்மா சாமான்ல மிச்சம் அந்தச் சட்டி ஒண்ணுதான். மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தா. மத்தியானம் முழுக்க உக்காந்தே இருந்தா. அம்மா கேட்டப்போ உக்காரல, இப்பத்தான் உக்காந்தா.

அப்புறம் ஒரு கல்ல எடுத்துச் சட்டிய உள்பக்கமா தட்டினா. டொக். டொக். டொக். சில்லு சில்லா விழுந்துது. கிண்ணத்துக்குள்ள பாத்தா ஒரே கரி. அத்தன வருஷம் அம்மா அடுப்புல சட்டி அடியில ஏறின கரி, அப்படியே காகிதத்துல ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. கைய விட்டுத் தடவினா. வெரலெல்லாம் கருப்பு. அப்பத்தான் ஓன்னு அழுதா.

கண்காட்சிக்குக் கொண்டுபோனா. அந்தம்மா பாத்துட்டு, "வெளிய அழகா இருக்கு, உள்ளதான் அழுக்கு. கொஞ்சம் பெயின்ட் அடிச்சுடேன்ம்மா"ன்னாங்க.

"வேண்டாங்க. அது எங்கம்மா அடிச்ச பெயின்ட்."

அவங்க அத அப்படியே வாங்கி, முன்னாடி மேசையில வெச்சாங்க. பூரணி பக்கத்துல ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்தா. சனங்க வர்றாங்க, போறாங்க. இவளுக்குத் தலை சாயுது, சாயுது... கரி வெரல மடியில வெச்சபடியே கொர்ர்னு தூங்கிட்டா. யாரும் எழுப்பல.

"பெரியம்மா... எந்திரிச்சுப் போயிடாத."

போகல. செத்த நேரம் உக்காந்திருக்கேன். அவளே தூங்கிட்டா, கதைக்கு இனிமே என்ன வேல? நீயும் தூங்கு.