ஏழு சுற்று வந்த ஆறு யானைகள்

முன்னொரு காலத்தில், யானைகளை எண்ணத் தெரிந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதை ஆண்டவர் ரணசிங்க மகாராஜா. பொல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். கூட்டத்தைக் கண்டால் மட்டும் அவருக்குத் தலைகால் புரியாது. உப்பரிகையில் ஏறி நின்று கீழே பத்தாயிரம் தலை தெரிந்துவிட்டால் போதும், இருப்பது இல்லாதது எல்லாம் வாயிலிருந்து கொட்டிவிடும்.

ஒரு விஜயதசமிக்கு அவருக்கு ஓர் ஆசை வந்தது. எல்லைக்கு அப்பால் இருக்கிற கொள்ளைக்கூட்டம் நடுங்க வேண்டும், நம் ஜனங்கள் மார்தட்ட வேண்டும், அதற்கு நாற்பது யானைகள் ஊர்வலம் போக வேண்டும். யானைக் கொட்டாரத்தில் இருந்ததோ ஆறு. அந்த ஆறிலும் ஒன்று கிழம்.

"காளத்தி! நாற்பது யானை வேண்டும். என்ன செய்வாயோ, எனக்குத் தெரியாது" என்றார் தன் விகடகவியிடம்.

காளத்திக்கு இதெல்லாம் கை வந்த வேலை. ஆறு யானைகளும் கீழைத் தெரு வழியாக வந்து, உப்பரிகைக்குக் கீழே நடந்து, மேலைத் தெருவில் மறைந்தன. அரண்மனைக்குப் பின்னால், குயவர் வீதிக் குளத்தங்கரையில் பாகர்கள் நெற்றிப் பட்டத்தை மாற்றினார்கள், பழைய கோலத்தை அழித்துப் புதுக் கோலம் எழுதினார்கள், மறுபடி கீழைத் தெருவுக்கு ஓட்டி வந்தார்கள். இப்படி ஏழு சுற்று. ஆறேழு நாற்பத்திரண்டு. தன்னடக்கத்துக்காக இரண்டைக் கழித்து நாற்பது என்று அறிவித்தார்கள். ஏழாம் சுற்றில் கிழட்டு யானை நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. "பாருங்கள், மகாராஜாவுக்கு மண்டியிடுகிறது!" என்று காளத்தி கத்தினான். கூட்டம் ஆர்ப்பரித்தது.

அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் ராஜா பேசினார். காளத்தி எழுதிக் கொடுத்த வாசகம்தான். "எல்லையோர முள்ளிக்குடியின் கடைசிக் குடிசைக்கு என்ன காவலோ, அதே காவல்தான் என் அரண்மனைக்கும்! இனி எல்லாரும் நிம்மதியாகத் தூங்குங்கள்!" அடேயப்பா, என்ன கைதட்டல்! தண்டோராக்காரர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். காளத்தி வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை மூன்று தடவை சொல்லிக் காட்டினான்.

இரண்டு மாதம் கழித்து முள்ளிக்குடியிலிருந்து ஒரு பெண் சபைக்கு வந்தாள். நாலு நாள் நடந்து வந்த கால்.

"மகாராசா, எம் பேரு காத்தாயி. எங்க ஊருல முன்னெல்லாம் முறை வச்சுக் காவ காப்போம். வீட்டுக்கு ஒரு ஆளு ஆத்துத் துறையில நிப்பாக. தண்டோரா வந்து நிம்மதியாத் தூங்குங்கன்னு சொன்னதும், அதான் நாப்பது ஆனை இருக்கே, நமக்கென்னன்னு விட்டுட்டோம். போன மாசம் விடியக்காலம் வந்தாக. மாடு கன்னை ஓட்டிட்டு, வெதநெல்லை அள்ளிட்டுப் போயிட்டாக. எம் புருசனையும் வெட்டிப் போட்டுட்டாக. இன்னும் பத்து நாளுல அறுப்பு. அதுக்கும் வருவோம்னு சொல்லிட்டுப் போயிருக்காக. அந்த நாப்பதுல ஒண்ணே ஒண்ணை அனுப்புங்க, மகாராசா. அது போதும் எங்களுக்கு."

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் காளத்தி தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது என்று ஜோடித்தவன் அவன். தூங்குங்கள் என்று எழுதியவனும் அவன். நம்பியவர்கள் நிஜமாகவே தூங்கியிருக்கிறார்கள்.

தளவாய் விருப்பாட்சி எழுந்தார். எல்லைக் காவல் அவர் பொறுப்பு. ராஜா விகடகவியின் பேச்சையே கேட்கிறார் என்று வெகுநாளாக வயிறெரிந்துகொண்டிருந்தவர். "அரசே, எல்லையில் காவல் இல்லை என்று இவள் பலரறியச் சொல்கிறாள். பகைவன் காதில் விழுந்தால் என்னாவது? இது ராஜத்துரோகம்" என்றார். காத்தாயியைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். சபையைக் கலைத்து, கதவைச் சாத்திய பிறகு தளவாய் மெதுவாகச் சொன்னார். "அந்த வாசகம் காளத்தி எழுதியது. மெய்யாக்குவதும் அவன் கடமை அல்லவா?"

ராஜாவுக்கு அது நல்ல வழியாகப் பட்டது. பழி போட ஓர் ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

"காளத்தி, கேள். ஒரு யானையும் நகரக் கூடாது. நகர்ந்தால் இருப்பது ஆறு என்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஒரு வீரனும் எல்லைக்குப் போகக் கூடாது. போனால் அங்கே இதுவரை ஆள் இல்லை என்று ஆகிவிடும். நான் சொன்ன சொல்லில் ஓர் எழுத்தையும் திரும்பப் பெற மாட்டேன். ஆனாலும் நாளை பொழுது சாய்வதற்குள் என் சொல் மெய்யாக வேண்டும். ஆகாவிட்டால் உன் நாக்கு உன்னிடம் இருக்காது. இந்தா, முத்திரை மோதிரம். எவருக்கும் கட்டளையிடலாம்."

காளத்தி சிறைக்குப் போனான். "அம்மா, இப்போது உங்கள் ஊருக்கு என்ன காவல்?" என்று கேட்டான்.

"காவலா? ஆம்பளைக பாதிப் பேரு மாட்டைத் தேடி ஆத்தைத் தாண்டிப் போயிட்டாக. மிச்சப் பேரு காயம்பட்டுக் கெடக்காக. எங்க சின்னையா ஒருத்தருதான் துறையில உக்காந்திருக்காரு. ஒரு கம்பு, தோலு கிழிஞ்ச தம்பட்டம், ஒரு நாயி. சின்னையாவுக்குக் காது கேக்காது. நாயிக்குக் கேக்கும், ஆனா அது குரைக்காது."

வேறு சமயமாக இருந்தால் காளத்தி விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அந்த வாசகத்தை எழுதியவன் நான்தான் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தான். "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டான். விகடகவியாம், விகடகவி! தன்னைத் தானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு.

மறுநாள் மதியம் ராஜா உண்ட களைப்பில் தூங்கி எழுந்து, "யாரங்கே?" என்றார். யாரும் இல்லை. கைதட்டினார். சத்தமே இல்லை. அறை வாசலில் ஈட்டிக்காரர்களைக் காணோம். முற்றத்தில் ஒரு பசுமாடு அவருடைய பூமாலையைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. தலையில் பூசணிக்காய்க் கூடையோடு ஒருவன் நேரே உள்ளே வந்து, "அண்ணே, சந்தைக்கு இப்பிடிப் போனா குறுக்கு வழியா?" என்று கேட்டான். ராஜாவுக்கு வியர்த்துவிட்டது.

கோட்டை வாசலுக்கு ஓடினார். கதவு இரண்டும் விரியத் திறந்து கிடந்தன. ஒரு கிழவர் கம்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிழிந்த தம்பட்டம். ஒரு நாய் ராஜாவைப் பார்த்து வாலை ஆட்டியது. "காவலர்கள் எங்கே?" என்று ராஜா அலறினார். "ஆமா, வெயில் கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றார் கிழவர்.

அந்த நேரம் தளவாய் குதிரையில் வந்தார். ஒரு பார்வை பார்த்தார். "அரசே, அஞ்ச வேண்டாம்! இதோ படையைத் திரட்டி வருகிறேன்!" என்று குதிரையைத் திருப்பியவர், வழியில் அகப்பட்ட மூன்று வீரர்களைக் கூட்டிக்கொண்டு நேரே தன் வீட்டுக்குப் போய், அவர்களை வாசலில் நிறுத்தி, உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். படை திரளவில்லை.

ராஜா என்ன செய்வார், பாவம்! மடைப்பள்ளிக்குள் புகுந்து, நெல் குதிருக்குப் பின்னால் வாளைப் பிடித்துக்கொண்டு குந்தினார். எலி ஓடினால் வந்துவிட்டார்கள் என்பார். காற்றில் கதவு ஆடினால் தீர்ந்தது என்பார். வெயில் சாயும்வரை அப்படியே இருந்தார்.

அப்போது காலடிச் சத்தம். "மகாராஜா, வெளியே வரலாம். நானும் முள்ளிக்குடி அம்மாவும்தான்" என்றான் காளத்தி.

"அடே துரோகி! என் காவலர்கள் எங்கே?"

"முத்திரை வைத்து அவர்களுக்கு விடுமுறையும் இந்த அம்மாவுக்கு விடுதலையும் கொடுத்தேன், மகாராஜா. யானை ஒன்றும் நகரவில்லை. எல்லைக்கு ஓர் ஆளும் போகவில்லை. தங்கள் சொல்லில் ஓர் எழுத்தும் குறையவில்லை. முள்ளிக்குடியின் கடைசிக் குடிசைக்கு என்ன காவலோ, அதே காவலை அரண்மனைக்கும் போட்டுவிட்டேன். காது கேளாத கிழவருக்குத்தான் கொஞ்சம் அலைந்தேன். குரைக்காத நாய் தளவாய் வீட்டிலேயே இருந்தது."

ராஜா வாளை ஓங்கினார். ஓங்கிய கையில் உமி ஒட்டியிருந்தது. தலையில் ஒட்டடை. தன்னைத் தானே ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். காளத்தி சிரிக்கவில்லை. காத்தாயியும் சிரிக்கவில்லை.

"நீ ஏன் சிரிக்கவில்லை, பெண்ணே?"

"நீங்க ஒரு மத்தியானம் ஒளிஞ்சிருந்தீக, மகாராசா. நாங்க ஒரு மாசமா ஒளிஞ்சிருக்கோம்."

ராஜாவின் சிரிப்பு நின்றது. அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் நெல் குதிரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எத்தனை யானை வேண்டும், கேள்" என்றார் கடைசியில்.

"இருந்தா அனுப்புங்க. இல்லேன்னா இல்லேன்னு சொல்லிருங்க. நாப்பது இருக்குன்னு நம்பித்தான் பக்கத்து ஊர்க்காரங்க எங்களுக்குத் துணைக்கு வரல. நெசம் தெரிஞ்சா வருவாக. நாங்களும் கண்ணு முழிச்சுக்கிருவோம்."

மறுநாள் காலை ராஜா உப்பரிகையில் ஏறினார். கூட்டத்தைக் கண்டும் அவர் குரல் ஏறவில்லை. "நம்மிடம் இருப்பது ஆறு யானை" என்றார். "எத்தனை?" என்று கேட்டார்கள் கீழே. "ஆறு" என்று மறுபடி சொன்னார். கூட்டத்தில் ஒரு கைதட்டல் இல்லை. குயவர் வீதிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். யானைகள் சுற்றி வந்ததை ஏழு தடவையும் பார்த்தவர்கள் அவர்கள்; அன்றைக்குக் கை வலிக்கத் தட்டியவர்களும் அவர்களே.

அன்றே நான்கு யானைகள் முள்ளிக்குடிக்குக் கிளம்பின. அறுப்பு முடியும்வரை ஆற்றுத் துறையில் நிற்க வேண்டும் என்று சொல்லி, தளவாயை முதல் யானைக்கு முன்னால் நடக்க வைத்தார்கள். வழியோர ஊர்களிலிருந்து கம்பும் அரிவாளுமாக முந்நூறு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

ராஜா காளத்தியைக் கூப்பிட்டு, "கெட்டிக்காரனடா நீ!" என்று தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். குதிருக்குப் பின்னால் குந்தியதையும் உமியையும் நினைத்து மறுபடி சிரித்தார். சபையும் சேர்ந்து சிரித்தது.

காளத்தி மாலையோடு வாசலுக்கு ஓடினான். காத்தாயி ஊருக்குப் போக வண்டியருகே நின்றிருந்தாள். மாலையைக் கழற்றி நீட்டினான். "அம்மா, அந்தத் தண்டோரா வாசகம், அதை எழுதியவன் நான்தான். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகம் இல்லை" என்றான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதானா? நல்லாத்தான் எழுதியிருக்கீக. அவுக வந்தப்ப எம் புருசன் கம்பைக்கூட எடுக்கல. நடுத்தெருவுல நின்னு, எங்க குடிசைக்கும் அரமனைக்கும் ஒரே காவலுடான்னு கத்துனாரு. தண்டோராக்காரன் சொன்னதை ஒரு எழுத்து விடாமச் சொன்னாரு."

மாலையை அவள் வாங்கவில்லை. வண்டி போன பிறகும் காளத்தி கையை நீட்டியபடியே நின்றான். பிறகும் அவன் பல வருஷம் ராஜாவைச் சிரிக்க வைத்தான் என்று சொல்கிறார்கள். உப்பரிகையில் பேச மட்டும் ஒரு வரியும் எழுதித் தரவில்லை.