அழாமல் அனுப்பி வைத்த ஊர்

மொட்டைப்புளியூர்க்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். சொல்லுகிறவர்தான் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாரணியர் படை நடத்துகிறவர் ரூபி டீச்சர். வருஷா வருஷம் பிள்ளைகளை வேனில் ஏற்றி, மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தங்க வைப்பார். போன வருஷம் போன வேகத்திலேயே திரும்பி வந்தாயிற்று. ஆவுடையப்பன் மகள் செண்பகம் "எங்கப்பாவைப் பாக்கணும்" என்று ஆரம்பிக்க, அவளைப் பார்த்து அத்தனை பிள்ளைகளும் ஊளையிட்டன.

அதனால் இந்த வருஷம் டீச்சர் பெற்றவர்களை முன்கூட்டியே கூப்பிட்டார்.

"பிள்ளைங்க உங்களைப் பிரிஞ்சிருக்கப் பழகணும். இப்பவே பழக்குங்க. ஒருத்தர் அழுதாலும் வேனைத் திருப்பிருவேன். அதோட முகாமும் கிடையாது, படையும் கிடையாது."

ஆவுடையப்பன் கவலையோடு வீடு திரும்பினார். செண்பகமோ யூனிபாரத்தைத் துவைத்து மடித்து, தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பா, இந்தத் தடவை ஒரு சொட்டு அழமாட்டேன், பாருங்க." இந்தப் பிள்ளை எப்படியாவது முகாம் போய் வர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

டீக்கடையில் எல்லாரும் கூடினார்கள்.

"பிரியணும்னா யாருடே கிளம்பணும்? பிள்ளையா, நாமளா?" என்றார் சப்பாணிமுத்து. ஊரிலேயே பெரிய யோசனைக்காரர் அவர்தான்.

"பிள்ளைங்களைக் காட்டுக்கு அனுப்புனா பயப்படும்லா?"

"அப்ப நாம போவோம்."

"நாம மட்டும் போனா அது பிரிஞ்சதாகுமா?"

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். "பஸ்ஸு கிளம்புனா பஸ் ஸ்டாண்டும் கூடவா கிளம்புது?"

இப்படி ஒரு ஞானம் அந்த ஊரில் அதுவரை பிறந்ததில்லை. சாயங்காலமே பெற்றவர்கள் எல்லாரும் பாயும் தூக்குவாளியுமாக ஊருக்கு வெளியே முள்ளுக்காட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

பொழுது சாய்வதற்குள் ஆவுடையப்பனுக்கு முகம் மாறியது. பிள்ளைக்கு விக்கல் எடுத்தால் யார் தண்ணீர் கொடுப்பார்கள்?

"என்ன மாப்ளே, கண்ணுல தண்ணி?" என்றார் சப்பாணிமுத்து.

"தூசி."

"ரெண்டு கண்ணுலயுமா?"

"பெரிய தூசி."

சப்பாணிமுத்து எழுந்து வேட்டியைத் தட்டினார். "ஒருத்தர் அழுதாலும் திரும்பணும்னு டீச்சர் சொல்லிருக்கு. சுருட்டுங்கடே பாயை."

மறுநாளும் போனார்கள். மறுநாளும் தூசி விழுந்தது. அதற்கடுத்த நாள் பிள்ளைகள் கதவைத் தாழ்போடவே இல்லை. எப்படியும் திரும்பி வந்துவிடுவார்கள், எழுந்து திறப்பானேன்?

முகாமுக்குக் கிளம்பும் நாளும் வந்தது. அவரவர் பையை அவரவரே தூக்க வேண்டும், பெற்றவர்கள் கை படக்கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். செண்பகம் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தாள், ஆவுடையப்பன் தோளில் உட்கார்ந்தபடி.

"பையை நான் தொடவே இல்ல டீச்சர். நீங்களே பாத்துக்கிடுங்க."

வேன் கிளம்பியது. ஆவுடையப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். திருப்பத்தில் மகள் கையாட்டியதும் மடை உடைந்தது. ஆனாலும் நியாயஸ்தர் அல்லவா? தானே வேனைத் துரத்திக்கொண்டு ஓடினார்.

"நிறுத்துங்க! அழுதாச்சு! வேனைத் திருப்புங்க!"

டீச்சர் பதறி இறங்கினார். "யாரு அழுதது?"

"நாந்தான் டீச்சர்."

டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, நான் பிள்ளைங்களைச் சொன்னேன். நீங்க வீட்டுக்குப் போய் உக்காந்து நல்லா அழுங்க. நாங்க வர்ற வரைக்கும் அழுங்க. ஊரே சேர்ந்து அழுதாலும் எனக்கு ஒண்ணுமில்ல."

ஆவுடையப்பன் திரும்பி வந்து உத்தரவைச் சொன்னார். ஊரே அவர் வீட்டு வாசலில் கூடியது.

"எனக்கு அழுகை வரலியே" என்றார் ஒருவர்.

"உன் அழுகைக்கா கூப்பிட்டோம்? இது டீச்சர் அழுகை. அழு."

அழுதார்கள். வெயில் ஏறியது, சாமியானா போட்டார்கள். கால் வலித்தது, வாடகை நாற்காலி வந்தது. மறுநாள் தொண்டை கட்டியது, வெளியூரிலிருந்து மேளமும் ஒப்பாரிக்கு ஆளும் அமர்த்தினார்கள்.

இவ்வளவும் ஆன பிறகு சேதி சும்மா இருக்குமா? சுற்று வட்டாரத்துச் சொந்தபந்தம் எல்லாம் மாலையும் கையுமாக வந்து இறங்கியது.

"யாருடே போனது?"

"யாரும் போகலியே."

வந்தவர்கள் முகம் தொங்கிப்போயிற்று. சப்பாணிமுத்து ஊராரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"வேலை வெட்டியை விட்டு வந்திருக்காங்க. மாலையோட திருப்பி அனுப்புனா நம்ம ஊரை எவன் மதிப்பான்? யாராச்சும் படுக்கணும்."

எல்லாரும் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். அவர் பெண்டாட்டி கோமுவைப் பார்த்தார்.

"என்னைய என்ன பாக்கீங்க? வீட்டுக்கு வந்தவங்க மனசு நோகலாமா? படுங்க" என்றாள் கோமு.

பெஞ்சில் படுத்தார். தாடையைச் சுற்றித் துணி கட்டினார்கள், நெற்றியில் காசு வைத்தார்கள். மாலை மேல் மாலையாக விழுந்தது. மேளமும் சூடு பிடித்தது.

அந்நேரம் பார்த்து, முகாம் முடிந்து வேன் வந்து நின்றது. ரூபி டீச்சர் இறங்கிய இடத்திலேயே உறைந்துபோனார். செண்பகம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். அவளும் அந்த ஊர்ப் பிள்ளைதானே.

"எப்பா! நான் ஒரு சொட்டு கூட அழல!"

மாலைக் குவியலுக்குள் முகம் மலர்ந்தது. ஒற்றைக் கண்ணைத் திறந்து, காசு நழுவாமல், கட்டிய தாடைக்குள்ளிருந்து ஆவுடையப்பன் மெல்லச் சொன்னார்:

"சந்தோசம் தாயி. களைச்சு வந்திருப்ப, போய்ச் சாப்பிடு. என்னையக் குளிப்பாட்டி முடிச்சதும் வந்துருதேன்."