கல் விற்கப் போனவர்

கோவை கணபதியில், மோட்டார் உதிரிபாகக் கடை ஒன்றின் மாடியில் ஸ்டெல்லா என்றொரு ஆசிரியை இருந்தார். சுரங்கக் கம்பெனிகளுக்காகப் பாறையைத் துளைத்துப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், முப்பத்தொன்பது வயதில் பங்குச்சந்தை சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவர். அவரிடம் கற்க வந்தவர்களில் தணிகாசலம்தான் வயதில் மூத்தவர். மூடிப்போன ஒரு நூற்பாலையில் முப்பத்தோரு வருடம் ஃபோர்மேனாக இருந்தவர். மில் கணக்குத் தீர்த்துக் கொடுத்த பதினான்கு லட்சம்தான் அவருக்கும் மனைவிக்கும் இனி எல்லாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தூக்கம் கெட்ட கண்களோடு வந்து நின்றார். கையில் நான்கு பக்கத்துக்குக் கணக்கு.

"மேடம், பேட்டரிக்கு கிராஃபைட் எடுக்கப் போற கம்பெனிங்க. இன்னும் ஒத்த ரூபாய்க்கு விற்பனை இல்லீங்க. ஆனா பூமிக்குள்ள நாப்பது லட்சம் டன் கிடக்குதுங்க. டன் விலையால பெருக்கி, ஷேர் எண்ணிக்கையால வகுத்தேன். ஒரு ஷேர் நானூத்திப் பன்னெண்டு ரூபா பெறும். முப்பத்தெட்டுக்குத் தர்றாங்க."

"யார் தர்றாங்க?"

"கம்பெனியே புதுசா ஷேர் வெளியிடுதுங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள். மொத்தத்தையும் போட்டுரலாமுங்களா?"

ஸ்டெல்லா தாள்களைக் கையில் வாங்கவில்லை. இப்படி எத்தனை தாள்களைப் பார்த்திருப்பார், பாவம். மேஜை இழுப்பறையிலிருந்து கருஞ்சாம்பல் நிறக் கல் ஒன்றை எடுத்து வைத்தார். இரண்டு கிலோவாவது இருக்கும்.

"இதுவும் கிராஃபைட் கல்தாங்ணா. நானே எடுத்தது. நல்ல தரம். வித்துட்டு வாங்க. வர்ற காசுல டீ குடிப்போம்."

கேலியோ என்று தணிகாசலம் முகத்தைப் பார்த்தார். அதில் சிரிப்பு இல்லை. கல்லைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

முதலில் காந்திபுரத்தில் ஒரு பேட்டரிக் கடை. கடைக்காரர் கல்லையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார்.

"ஏனுங்க, பழைய பேட்டரியக் கொண்டாந்தா எடுத்துக்குவேன். நீங்க கல்லக் கொண்டாந்திருக்கீங்க."

பழைய இரும்புக் கடையில் தராசுக்குப் பக்கத்திலேயே விடவில்லை. அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, இரும்பு வார்க்கிற ஒரு ஃபவுண்டரிக்குப் போனார். கிராஃபைட் தூளை மூட்டை மூட்டையாக வாங்குகிற இடம். இங்கே விற்காவிட்டால் எங்கேயும் விற்காது. மேனேஜர் கல்லை நகத்தால் கீறி, விரலில் ஒட்டிய கருப்பைத் தேய்த்துப் பார்த்தார்.

"அசல் சரக்குங்க. ஆனா இடிச்சு, மண்ணப் பிரிச்சு, சுத்தம் பண்ணித் தூளாக் கொண்டாங்க. லேப் ரிப்போர்ட் வேணும். மாசாமாசம் இதே தரத்துல வரோணும். அப்புறம் விலை பேசலாம்."

"இப்படியே எடுத்துக்கிட்டா என்ன தருவீங்க?"

"இப்படியேன்னா கதவுக்கு முட்டு வெச்சுக்கலாமுங்க."

தணிகாசலம் திரும்பி வரும்போது மணி நான்கு. கால் கடுத்தது. வேட்டியெல்லாம் கரி. காலையில் இருந்த தெம்பு எந்த பஸ்ஸிலிருந்து இறங்கிப் போனதென்று அவருக்கே தெரியவில்லை. கல்லை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"விக்கலீங்க."

"கல் பொய்யாங்ணா?"

"இல்லீங்க. அசல்னுதான் சொன்னாங்க."

"அந்தக் கம்பெனியோட கல்லும் அசல்தான். ஆளுங்களும் நல்லவங்க. எனக்குத் தெரியும்."

தணிகாசலம் சட்டென்று நிமிர்ந்தார். "அப்ப ஒரு நாளைக்கு அவங்க வித்துருவாங்கல்லங்க?"

"விக்கலாம். இன்னிக்கு உங்களுக்கு என்ன செலவு?"

"பஸ்ஸுக்கு அறுபத்தாறு. வெயில் தாங்காம ரெண்டு மோர், நாப்பது."

"கல்லுக்குக் கிடைச்சது?"

"ஒண்ணுமில்லீங்க."

"நீங்க ஒரு நாள் அலைஞ்சீங்க. அவங்க பதினோரு வருஷமா அலையறாங்க."

தணிகாசலம் தன் தாள்களைப் புரட்டினார். மூன்றாம் பக்க ஓரத்தில் அவர் கையெழுத்திலேயே இருந்தது: பதினோரு வருடத்தில் ஆறு முறை புது ஷேர். எங்கே கூட்டுவது, எங்கே கழிப்பது என்று புரியாமல் அதை அப்படியே விட்டிருந்தார்.

"இன்னும் எத்தனை வருஷமாகுமுங்க?"

"பாறையத் துளைச்ச எனக்கே தெரியாதுங்ணா."

கீழே கடையில் யாரோ ஒரு போல்ட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் தாள்களை மடித்தார். முப்பத்தோரு வருடம் பஞ்சுத் தூசியை விழுங்கிச் சேர்த்த பணம்.

"அப்படீன்னா, என்னோட பதினாலு லட்சம் எதுக்குங்க மேடம்?"

"அவங்க பஸ் காசுக்கு" என்றார் ஸ்டெல்லா.