முதலாளி பார்த்த அழகு

தூத்துக்குடியில் திரவியம் அண்ணாச்சியின் மூக்குக்கண்ணாடிக் கடை அரண்மனை மாதிரி இருக்கும். சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி! ஆனால் வருகிறவர்கள் புது பிரேமைப் போட்டுப் பார்ப்பார்கள், கண்ணைச் சுருக்குவார்கள், "வீட்டுல கேட்டுட்டு வாரோம்" என்று நழுவிவிடுவார்கள்.

அந்த எரிச்சலெல்லாம் கடையைக் கூட்டித் துடைக்கும் ஜெபக்கனி மேல் விழுந்தது.

"எல்லாம் நீ துடைக்கிற லட்சணம்! பைசா செலவில்லாம, சாயங்காலத்துக்குள்ள ஒரு ஆளையாவது வாங்க வை பாப்போம். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபக்கனி அசரவில்லை. தட்டிலிருந்து ஒரு பிரேமை எடுத்து நீட்டினாள்.

"முதல்ல நீங்க போட்டுக் காட்டுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி தன் சோடாப்புட்டிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். நிலைக்கண்ணாடி முன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆகா! கலெக்டர் மாதிரில்லா இருக்கேன்!"

கடையே குலுங்கிச் சிரித்தது. ஜெபக்கனி தன் செல்போனில் சட்டென்று ஒரு படம் எடுத்தாள்.

"இப்ப உங்க பழைய கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இதப் பாருங்க."

பார்த்தார். மூக்கின் மேல், ஓரமெல்லாம் கல் பதித்த பொம்பளை பிரேம்!

"புதுசைப் போடணும்னா பழசைக் கழட்டணும். கழட்டினா கண்ணு தெரியாது. நான் துடைச்சு என்ன செய்ய அண்ணாச்சி?"

அதற்குள் ரிடையர்டு வாத்தியார் ஒருவர் பிரேமும் கையுமாக ஓடிவந்தார். "அம்மா, என்னையும் ஒரு படம் எடு!" படத்தைப் பார்த்ததும், "இதையே போட்ருங்க" என்றார்.

மற்ற மூன்று பேரும் வரிசை கட்டினார்கள். கடைசியில், ஆம்பளை பிரேம் ஒன்றைத் தேடியெடுத்துக்கொண்டு, அண்ணாச்சியும் வந்து நின்றார்.