கல்லுமுனையில் விரிந்த கைகள்

கிளிஞ்சல் பொறுக்கி, காளவாயில் சுட்டு, நீற்றிச் சுண்ணாம்பாக்கி விற்பது பிரகாசியம்மாளின் பிழைப்பு. கல்லுமுனை என்ற கடற்கரை ஊரில், கோயிலுக்குப் பின்னே ஓலைக் குடிசையில் வாழ்ந்த கைம்பெண் அவர். நாலரை அடி உயரம். விரல் நுனிகள் சுண்ணாம்பு தின்று வெடித்துக் கிடக்கும். வாரம் முழுவதும் விற்றாலும் சனிக்கிழமையின் முதல் வாளியை அவர் யாருக்கும் விற்றதில்லை. அதைத் தலையில் சுமந்துகொண்டு கடலோரப் பாறைக்குப் போவார். அங்கே இரண்டாள் உயரத்துக்கு ஒரு மரச்சிலுவை நின்றது. நீண்ட மூங்கிலின் நுனியில் பனைநார்த் தூரிகையைக் கட்டி, ஒரு செபத்துக்கு ஓர் இழுப்பாக அதற்கு வெள்ளையடிப்பார்.

அந்த வெள்ளை அழகுக்காக அடித்தது அல்ல. கல்லுமுனைக்கு முன்னால் கடலுக்கடியில் பாறைகள் வரிசையாக மறைந்து கிடக்கின்றன. அந்த வரிசையைப் ‘பார்’ என்பார்கள். அதன் நடுவே வள்ளம் நுழைய ஒரே ஒரு வழி உண்டு. கோயில் கோபுரத்துச் சிலுவையும் கரைப்பாறைச் சிலுவையும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரிந்தால் வள்ளம் அந்த வழியில் இருக்கிறது என்று பொருள். கோடு தப்பினால் பாரில் மோதிச் சுக்குநூறுதான். ஒரு மழைக்காலத்தில் பாசி படர்ந்து சிலுவை கறுத்துப்போனதை ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த வருடம்தான் பிரகாசியம்மாளின் கணவர் மனுவேல் வழி தெரியாமல் பாரில் மோதி இறந்தார். அதற்குப் பிறகு அந்தச் சிலுவை ஒரு வாரம்கூடக் கறுத்ததில்லை.

இவ்வளவு பக்தியுள்ளவர் தைரியசாலியாக இருப்பார் என்றுதானே நினைப்போம்? ஊரிலேயே அவரைப்போலப் பயந்த சீவன் கிடையாது. இடி இடித்தால் கட்டிலுக்கடியில் இருப்பார். அலை காலில் பட்டால் அலறுவார். விழாக் கமிட்டித் தலைவர் லொயோலா பர்னாந்து எதிரே வந்தால் சந்துக்குள் ஒதுங்கிவிடுவார். பர்னாந்துவுக்கு அவரைச் சீண்டுவதில் தனி இன்பம்.

“ஏட்டி பிரகாசி, சிலுவைக்கே வெள்ளையடிக்கே, இன்னும் என்னட்டி பயம்? விசுவாசம் இருந்தா பயம் வருமா?” என்று ஒருநாள் கடைத்தெருவில் எல்லார் முன்னாலும் கேட்டார்.

பிரகாசியம்மாள் முந்தானையைக் கடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: “ஆண்டவரும் பயந்தாரே, மொதலாளி. சிலுவைக்கு முந்துன ராத்திரி தோட்டத்துல ரத்தமா வேர்த்து, இந்தப் பாத்திரம் எனக்கு வேண்டாம்னு அழுதாரே. பயந்துக்கிட்டேதான கையை விரிச்சாரு.”

கடைத்தெரு சிரித்தது. அந்தச் சொல்லின் எடை அன்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஆண்டு உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு முடிந்ததும் எட்டு வள்ளங்கள் வழக்கம்போலத் தங்கல் தொழிலுக்குப் போயின. வேறு கரையில் ஐந்து மாதம் தங்கி மீன் பிடித்துவிட்டு, செப்டம்பரில் திருச்சிலுவைத் திருநாளுக்கு முன்தினம் திரும்புவார்கள். அந்த எட்டில் ஒன்றைப் பிரகாசியம்மாளின் ஒரே மகன் கஸ்பார் ஓட்டினான்.

கடலோடிகள் இல்லாத ஊரில் கமிட்டிக்கு ஒரு யோசனை பிறந்தது. மரச்சிலுவை உளுத்துவிட்டது. அதை எடுத்துவிட்டு, சிமென்டில் புதுச்சிலுவை கட்டலாம். பழைய பாறையில் தேர்ப்பவனி ஏற முடியாது. அறுபது அடி தெற்கே, படிக்கட்டுடன் மேடை போட்டுக் கட்டினால் பார்க்க எடுப்பாக இருக்கும். அப்படியே கட்டி, பழைய சிலுவையைப் பிடுங்கிக் கோயிலுக்குப் பின்னே சாத்தி வைத்தார்கள். கமிட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் கடை வைத்திருப்பவர்கள், கருவாடு ஏற்றுமதி செய்பவர்கள். வள்ளத்தில் நின்று கரையைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

விஷயம் பிரகாசியம்மாளின் காதுக்கு வந்தது. பயத்தை விழுங்கிக்கொண்டு பர்னாந்துவின் கடைவாசலில் போய் நின்றார்.

“மொதலாளி, தங்கலுக்குப் போனவங்களுக்கு இது தெரியாதே. பழைய நெனப்புலல்லா வருவாங்க?”

“கடிதாசு எழுதிட்டேன்ட்டி. போ, போய் மேடைக்கு வெள்ளையடி.”

அவர் எழுதியது உண்மை. எழுதிய கடிதம் மேசை டிராயரிலேயே கிடந்ததும் உண்மை.

திருநாளுக்கு முன்தினம் காலையில் பங்குச்சாமி ரபேல், புதுச்சிலுவையை மூடியிருந்த ஊதா உறையை இழுத்து, செபம் சொல்லிச் சிலுவையை மந்திரித்தார். சிலுவை பளீரென்று நின்றது. தவக்காலக் கடைசியில் கோயிற் சிலுவைகளை ஊதாத் துணியால் மூடும் வழக்கம் உண்டல்லவா, அதற்கு ஆகும் என்று உறையை மடித்துப் பிரகாசியம்மாளிடம் கொடுத்தார். ஊர் சாப்பிடப் போய்விட்டது. பிரகாசியம்மாள் மட்டும் வாளியும் மூங்கிலுமாக மேடைப் படிகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் கச்சான் காற்று திரும்பியது. வானம் கறுத்து, கடல் நுரை கக்கியது. பிரகாசியம்மாள் நிமிர்ந்து பார்த்தார். மழைத்திரைக்கு நடுவே எட்டுப் பாய்கள். கரையை நோக்கி வந்துகொண்டிருந்தன. முதல் வள்ளம் மெதுவாகத் தெற்கே திரும்புவதையும் கண்டார். புதுச்சிலுவையைக் கோபுரத்துக்கு நேரே கொண்டுவரத்தான் திருப்புகிறார்கள்! அந்தக் கோட்டில்தான் பார் கிடக்கிறது. மனுவேல் செத்த இடமும் அதுதான். பாய் விரித்து முதலில் வந்தது கஸ்பாரின் வள்ளம்.

கத்தினார், காற்றில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. ஊருக்கு ஓடி ஆளைக் கூட்டி வர நேரமில்லை. அப்போது அவர் கண்ணில் ஊதா உறை பட்டது.

மூங்கிலின் நுனியில் உறையை மாட்டித் தூக்கினார். இரண்டு முறை காற்று பிடுங்கியது. மூன்றாம் முறை அது சிலுவையின் தலைவழியே இறங்கியது. அடியில் கயிற்றை இழுத்து முடிந்தார். அன்று காலையில் மந்திரித்த சிலுவையை மூடுகிறோமே, சாமி குற்றமாகுமோ என்று அழுதுகொண்டேதான் முடிந்தார். பிறகு வாளியையும் மூங்கிலையும் தூக்கிக்கொண்டு பழைய பாறைக்கு ஓடினார்.

பாறையின் பாதிவரை அலை ஏறிக்கொண்டிருந்தது. அலை காலில் பட்டால் அலறுகிறவர் அவர் என்பதை மறந்துவிடாதீர்கள். அன்றும் அலறினார். அலறிக்கொண்டே ஏறினார். மரச்சிலுவை நின்ற குழி மட்டும் அங்கே இருந்தது. அந்தக் குழிக்குள் இறங்கிக் காலை ஊன்றினார். மிச்சச் சுண்ணாம்பைத் தலையோடு கவிழ்த்துக்கொண்டார். கண் எரிந்தது, வெடித்த விரல்கள் தீயாய் எரிந்தன. மூங்கிலைத் தோளுக்குக் குறுக்கே வைத்து, இரு கைகளையும் அதன்மேல் நீட்டி விரித்து, கடலைப் பார்த்து நின்றார். “ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு, பயமா இருக்கு” என்பதைத் தவிர வேறு செபம் அவர் வாயில் வரவில்லை.

புயலைக் கண்டு கரைக்கு ஓடிவந்த பர்னாந்து, மூடிக்கிடந்த சிலுவையைப் பார்த்துக் கொதித்தார். “நாளைக்குத் திருநாளு, இன்னைக்குப் போய் சிலுவையை மூடிட்டியா? ஒனக்குப் பேய் புடிச்சிருக்காட்டி?” என்று உறையின் முடிச்சில் கை வைத்தார்.

பாறையிலிருந்து அழுகுரல் வந்தது. “மொதலாளி, ஒங்க காலப் புடிக்கேன், அதத் தொடாதீங்க. என்னால இங்கருந்து நகர முடியாது. நகந்தா புள்ளைங்க செத்துப்போவாங்க!”

பின்னால் வந்த ரபேல் சாமியார் கோபுரத்தைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். நடுவில் கை விரித்து நின்ற உருவத்தைப் பார்த்தார். பர்னாந்துவின் கையைப் பிடித்து விலக்கினார்.

“விடுங்க. அந்தச் சிலுவை மூடியே இருக்கட்டும். இப்ப அங்க நிக்கிறதுதான் சிலுவை.”

மேசை டிராயர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பர்னாந்து அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

முதல் வள்ளம் தடுமாறியது. பாருக்கு ஒரு பாய்ச்சல் தூரத்தில் அது வடக்கே திரும்பிற்று. அலை அதை விழுங்கி, மறுபடி துப்பியது. வழிக்குள் நுழைந்தது. அதைப் பார்த்து இரண்டாவது, மூன்றாவது என்று எட்டும் நுழைந்தன. எட்டாவது கரை தட்டும்வரை பிரகாசியம்மாள் கையை இறக்கவில்லை. அதன்பின் இறக்க முயன்றார், கைகள் இறங்கவில்லை.

தங்கலிலிருந்து திரும்புகிறவர்கள் வீட்டு வாசலை மிதிக்கும் முன் கரைச்சிலுவையின் அடியில் முத்தமிடுவது கல்லுமுனை வழக்கம். கஸ்பார் நனைந்த உடம்போடு பாறையில் ஏறி, குனிந்து முத்தமிட்டான். உதட்டில் சுண்ணாம்பு கரித்தது. மரம் நடுங்குமா? அண்ணாந்து பார்த்தான்.

“யம்மா!”

“வந்துட்டியாய்யா? எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சுய்யா” என்று அவன் தோளில் சரிந்தார் பிரகாசியம்மாள்.

அன்று மாலை எட்டு வள்ளத்தாரையும் சாமியார் தனித்தனியே விசாரித்தார். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். முதலில் தெற்கே என்னவோ வெள்ளையாகத் தெரிந்ததாம். அது மறைந்ததும் பழைய இடத்தில் பழைய மரச்சிலுவையே நின்றதாம். இரண்டாள் உயரம், எப்போதும்போல வடக்கே லேசாகச் சாய்ந்து. பெண்ணையோ மூங்கிலையோ ஒருவரும் காணவில்லை. நாலரை அடி மனுசியை ஆண்டவர் அன்று எவ்வளவு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார் என்பது கடலுக்குத்தான் தெரியும்.

மறுநாள் பவனி மேடைக்குப் போகவில்லை. பர்னாந்து தன் தோளில் சுமந்து வந்த பழைய சிலுவையை அந்தக் குழியிலேயே நட்டார்கள். பிரகாசியம்மாளின் இரு உள்ளங்கைகளிலும் சுண்ணாம்பு பொசுக்கிய வெள்ளைத் தழும்புகள் சாகும்வரை மறையவில்லை. அவருடைய பயமும் மறையவில்லை. இடி இடித்தால் அதன்பிறகும் கட்டிலுக்கடியில்தான் இருந்தார். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

பயம் விடாத நெஞ்சோடு, பிறர் பிழைக்கக் கை விரித்து நின்ற அந்த எளியவரின் சுண்ணாம்புப் பாதங்களை நாமும் தொட்டு வணங்குவோம்.