பின்வாசல்காரனின் விசுவாசம்

செங்கல்லும் சிமெண்டும் இல்லாமல் கட்டிய வீடு ஒன்று முன்பு இருந்தது. செண்பகம் என்ற பெண்ணின் மின்னஞ்சல் கணக்கு அது. அவளுக்கு வரும் கடிதங்களெல்லாம் அந்த வீட்டில்தான் குடியிருந்தன.

வீட்டைக் கட்டியது அவள் இல்லை. கல்யாணமான புதிதில், பாஸ்போர்ட்டுக்கு மெயில் வேண்டும் என்றார்கள். "நீ தள்ளு, உனக்கு இதெல்லாம் வெளங்காது" என்று சொல்லிவிட்டு, அவள் கணவன் அழகுதுரை கோவில்பட்டி வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பத்து நிமிஷத்தில் கட்டிக் கொடுத்தான்.

அந்த வீட்டுக்கு இரண்டு வாசல். முன்வாசலில் நின்றவன் கடவுச்சொல். தன் பெயரை எழுத்துப் பிசகாமல் சொல்பவர்களுக்கு மட்டும் கதவைத் திறப்பான். பின்வாசலில் உட்கார்ந்திருந்தவன் மீட்பு எண். வீட்டுக்காரிக்கு முன்வாசல்காரனின் பெயர் மறந்துபோனால், அவளைப் பின்பக்கமாக உள்ளே விடுவது அவன் வேலை. அதற்காக அவனிடம் ஒரு போன் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். அந்த நம்பருக்கு ஒரு ரகசிய எண்ணை அனுப்புவான். அதை யார் திருப்பிச் சொல்கிறார்களோ அவர்களுக்கு வழிவிடுவான்.

அது அழகுதுரையின் நம்பர். இதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ரேஷன் கார்டில் அவன் நம்பர், கேஸ் புக்கில் அவன் நம்பர், பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அவன் நம்பர். போன் நம்பர் என்று எங்கே கட்டம் போட்டிருந்தாலும் செண்பகத்தின் கை தானாக அந்த நம்பரைத்தான் எழுதும்.

பின்வாசல்காரன் நல்லவன். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கதை முடியும்போது அவனைத் திட்டத்தான் எல்லாருக்கும் தோன்றும். வருஷக்கணக்கில் ஒருவரும் வராத வாசலில், ஒரு நாள் கூடக் கண்ணயராமல் உட்கார்ந்திருந்தான். யாராவது மறந்துவிட்டு வந்து நின்றால் உதவ வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

அழகுதுரை அடிக்கிறவன். ஒரு முறை அடித்ததில் செண்பகத்தின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. "நீ எங்க போனாலும் தேடி வந்து, ஒன்னையும் பிள்ளையையும் சேத்து முடிச்சிருவேன்" என்றான். கோபத்தில் கத்திச் சொல்லியிருந்தால் அவள் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டாள். சாப்பாட்டுக்கு நடுவில், இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று என்கிற குரலில் சொன்னான். அதனால்தான் அவள் நம்பினாள்.

மகள் மகிழினியைக் கூட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்து சேர்ந்தாள். ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே உடன் வேலை பார்த்த ரோஸ்லின், தான் குடியிருந்த வீட்டிலேயே அவளுக்கும் இடம் கொடுத்தாள். சிம் கார்டை மாற்றினாள் செண்பகம். கதவுக்குப் புதுப்பூட்டு வாங்கிப் போட்டாள். எந்த ஊரில் இருக்கிறோம் என்று பெற்ற தாயிடம் கூடச் சொல்லவில்லை.

"மெயில் பாஸ்வேர்டு மாத்திட்டீங்களாக்கா?" என்று ஒரு நாள் ரோஸ்லின் கேட்டாள்.

"அது வேற மாத்தணுமா?"

"நல்லா கேட்டீங்க போங்க. அவரு போட்டுக் குடுத்ததுதானே அது? மொதல்ல அத மாத்துங்க."

செண்பகம் அன்றைக்கே மாற்றினாள். புதிதாக வந்த முன்வாசல்காரனுக்கு எழுத்தும் எண்ணுமாகக் கலந்து, வாயில் நுழையாத பெயராக வைத்தாள். அப்போது அந்த வீடே அவளிடம் ஒரு கேள்வி கேட்டது. "பின்வாசலில் இருக்கும் நம்பர் இதுதான். சரியா?" அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. அவள் ஒரு பார்வை பார்த்தாள். பழக்கப்பட்ட நம்பர்தான். பதினோரு வருஷமாகச் சரியாக இருந்த நம்பர். "சரி" என்று அழுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பாவி மகள், அந்த நம்பருக்குப் பயந்துதானே ஓடி வந்தாள்!

புதிய முன்வாசல்காரன் வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் வந்தான்.

"அண்ணே, உங்க கையில இருக்கிறது யாரு நம்பர்?"

"ஐயாவோட நம்பர் தம்பி."

"அந்த ஐயாவுக்குப் பயந்துதானே என்னை முன்னாடி நிறுத்தியிருக்காங்க! உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? 'இந்த நம்பர் சரியா'ன்னு வீடு கேட்டுச்சு. 'சரி'ன்னு அம்மாவே சொன்னாங்க. என் காதால கேட்டேன்."

"அவங்க சரியாப் பாக்கலண்ணே."

"பாத்தாங்களா பாக்கலையான்னு குடையிறது என் வேலை இல்ல. நீ போய் உன் வாசலைப் பாரு" என்றான் பின்வாசல்காரன். நேற்று வந்த பயல் தனக்குப் புத்தி சொல்வதா என்று அவனுக்குச் சுருக்கென்றிருந்தது.

அதற்கப்புறம் அழகுதுரை அடிக்கடி முன்வாசலுக்கு வந்தான். கோவில்பட்டிக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பழைய பெயரைச் சொல்லிப் பார்ப்பான். "அப்படி இங்கே யாரும் இல்லை" என்பான் முன்வாசல்காரன். செண்பகத்தின் பிறந்த நாள், மகளின் செல்லப் பெயர், குலதெய்வத்தின் பெயர் என்று என்னென்னவோ சொன்னான். எதற்கும் கதவு அசையவில்லை. பின்வாசல்காரன் இதையெல்லாம் உள்ளிருந்தே கேட்டான். யாரோ வேண்டாத ஆள் என்று நினைத்துக்கொண்டான். பையன் கெட்டிக்காரன்தான் என்று மனசுக்குள் மெச்சவும் செய்தான்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. ஓட்டைவாய்க் கடிதம். வந்ததும் வராததுமாக வீடு முழுக்கச் சொல்லித் தீர்த்தது. "மகிழினி பாப்பா நாளையிலருந்து நம்ம வேன்ல வரப்போகுது. ஓசூர் முனீஸ்வர் நகர்ல பால் பூத் இருக்கில்ல, அங்கதான் ஏறணும். காலையில எட்டு மணிக்கு அம்மா கொண்டாந்து விட்ரணும்."

"மெதுவாப் பேசு" என்றான் முன்வாசல்காரன்.

"நல்ல சேதிதானே! எதுக்கு மெதுவாப் பேசணும்?" என்றது கடிதம்.

அன்று சாயங்காலம் அழகுதுரை மறுபடி வந்தான். முன்வாசல்காரன் வழக்கம்போல விரட்டினான். போகத் திரும்பியவன், கதவுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தான். 'மறந்துவிட்டதா?' என்றிருந்தது.

"ஆமால, மறந்துட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டு அதை அழுத்தினான்.

பின்வாசலில் மணி அடித்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு வேலை வந்திருக்கிறது. பின்வாசல்காரனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாவம், அம்மா மறந்துட்டாங்க போல. அப்படி ஒரு பேரு உனக்கு!"

"திறக்காதீங்கண்ணே!" முன்வாசல்காரன் இருந்த இடத்திலிருந்தே அலறினான். "இப்ப என்கிட்ட நின்ன அதே ஆளுதான் அங்க வந்திருக்கான்!"

"மறந்தவங்க முன்னாடி உன்கிட்டதான் வருவாங்க. நீ விரட்டினா அப்புறம் என்கிட்டதான் வருவாங்க. அதுக்குத்தானே நான் இருக்கேன்?"

ரகசிய எண்ணை அனுப்பினான். அனுப்பிய வேகத்தில் அது திரும்பி வந்தது. ஒரு எண் கூடப் பிசகவில்லை. அவன் எழுந்து நின்று, கும்பிட்டு, கதவைத் திறந்துவிட்டான்.

அழகுதுரை உள்ளே வந்தான். "முன்வாசல்காரனை மாற்றிவிடலாமா?" என்று வீடு பணிவாகக் கேட்டது. "வேண்டாம்" என்றான். மாற்றினால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் நடுக்கூடத்தில் ஒரு புதுக் கடிதம் பிறந்தது. "எச்சரிக்கை! உங்கள் வீட்டுக்குள் யாரோ..." என்று அது வாயெடுத்ததும், கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் குப்பையில் போட்டான். குப்பையையும் காலி செய்தான்.

பிறகு பள்ளிக்கூடத்துக் கடிதத்தைப் பிரித்தான். நிதானமாகப் படித்தான். இன்னொரு முறையும் படித்தான். யாரும் பிரிக்காத மாதிரி அதை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டான்.

பின்வாசல்காரன் எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்தான். எல்லாக் கடிதங்களும் இருந்தன. "பாத்தியா, ஒரு துரும்பு கூட நகரல. திருட வந்தவன் இப்படியா போவான்?" என்றான்.

விடிந்தது. முன்வாசலில் ஒரு பெண்குரல் கேட்டது. வாயில் நுழையாத அந்தப் பெயரை, எழுத்தும் எண்ணுமாக, ஒரு இடத்திலும் தடுமாறாமல் சொல்லிற்று. கதவு திறந்தது. செண்பகம் உள்ளே வந்தாள்.

பின்வாசல்காரன் முன்வாசலுக்கு ஓடினான். "தம்பி, அம்மாவுக்குப் பேரு மறக்கலையா?"

"மறக்கவே இல்லண்ணே. தினமும் என்கிட்டதான் வர்றாங்க."

"அப்ப நேத்து நான் யாரை உள்ள விட்டேன்?"



செண்பகம் பள்ளிக்கூடத்துக் கடிதத்தைப் பிரித்துப் படித்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "மகி, ஷூ மாட்டிட்டியா? வேன் வந்துரும்."

"டிபன்ல என்னம்மா?"

"தக்காளி சாதம். தண்ணி பாட்டிலை எடுத்துக்கோ, வா."

"அண்ணே, சொல்லுங்க! அவங்க கெளம்புறாங்க!" முன்வாசல்காரன் பதறினான். "எனக்குக் கதவைத் திறக்கவும் மூடவும்தான் தெரியும். வெளியில ஆளுக்குச் சேதி சொல்ற வாய் உங்களுக்குத்தான் இருக்கு!"

"எனக்கு அம்மா நம்பர் தெரியாதேப்பா" என்றான் பின்வாசல்காரன். அத்தனை வருஷ விசுவாசமும் அவனை அறுத்தது. சும்மா இருக்கவும் அவனால் முடியவில்லை. தெரிந்த ஒரே நம்பருக்கு, இருக்கிற உயிரையெல்லாம் சேர்த்துக் கத்தினான்.

"உங்கள் வீட்டுக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள்! உடனே ஜாக்கிரதையாக இருங்கள்! நுழைந்தது நீங்கள்தானா?"

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸில், அழகுதுரையின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். 'ஆம்' என்பதை அழுத்தினான். பஸ் நின்றதும் இறங்கி, முனீஸ்வர் நகர் பால் பூத்துக்கு எப்படிப் போகணும் என்று ஒரு ஆட்டோக்காரரிடம் விசாரித்தான்.