லோம் பறவை பேச்சை விட்ட கதை

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்தது. சுவீடன் நாட்டின் தென்காட்டில், கரிய நீர் நிறைந்த ஓர் ஏரிக்கரையில் மூன்றே குடும்பங்கள் குடியேறியிருந்தன. காட்டை எரித்து, அந்தச் சாம்பலில் ரை என்னும் தானியத்தை விதைத்துப் பிழைத்தார்கள். ஏரி நடுவே இருந்த நாணல் தீவில் லோம் என்ற நீர்ப்பறவை கூடு கட்டியிருந்தது. மீன் எந்தப் பக்கம் போகிறது, குளிர்காலத்தில் ஏரியில் எந்த இடத்தில் கால் வைக்கக்கூடாது என்றெல்லாம் அதுதான் அவர்களுக்குச் சொல்லும். யார் குரலில் வேண்டுமானாலும் அதற்குப் பேச வரும்.

ஒரு கோடையில் கரையோர நிலம் சத்திழந்து போயிற்று. அங்கே குடியிருந்த தூரே என்பவன் தீவை எரித்து விதைக்க நினைத்தான். லோம் அவனிடம் வந்து, முட்டைகள் பொரியும் வரை பொறுக்கும்படி கேட்டது. அவனும் சரி என்றான். மறுநாளே காற்று தோதாக அடித்தது. மழை வரும்போலவும் இருந்தது. நனைந்துவிட்டால் அந்த வருடம் எரிக்க முடியாது. மனைவி ராக்னா வேண்டாமென்று தடுத்தும், அவன் படகில் போய்த் தீ வைத்துவிட்டு வந்தான்.

மறுவருடம் தீவில் ரை இடுப்பளவு வளர்ந்தது. அந்த மாவில் சுட்ட ரொட்டியை ராக்னாவும் தின்றாள். லோம் யாருடனும் பேசவில்லை. குளிர் தொடங்கியதும் மற்றப் பறவைகள் தெற்கே போய்விட்டன. அது மட்டும் போகாமல், ஏரி நடுவில் உறையாது மிஞ்சிய நீரில் மிதந்துகொண்டிருந்தது.

மூடுபனி இறங்கிய ஒரு மதியம், ராக்னா வீட்டுக்குள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஏரிப் பக்கமிருந்து யாரோ "தூரே" என்று கூப்பிட்டார்கள். அது அவளுடைய குரல். வெளியே விறகு பிளந்துகொண்டிருந்த கணவன், "இதோ வருகிறேன்" என்று பதில் சொன்னதும் அவள் காதில் விழுந்தது.

அவள் ஓடிவந்து பார்த்தபோது கோடரி கட்டையில் குத்தி நின்றது. ஆளைக் காணவில்லை.

"போகாதே தூரே. நான் இங்கே இருக்கிறேன்" என்று கத்தினாள்.

"எங்கே?" என்றான் அவன், மூடுபனிக்குள்ளிருந்து.

"வாசலில்."

அவன் காலடியோசை நின்றது. அவள் திரும்பத் திரும்ப அவன் பெயரைச் சொன்னாள். அப்போது ஏரி நடுவிலிருந்து ஓர் அழுகை எழுந்தது. அதுவும் அவள் குரல்தான். அழுகிற குரலை நோக்கித்தான் தூரே நடந்தான். பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம் கரை வரை ஓடிவந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மூடுபனி விலகியதும், உடைந்த பனிக்கட்டியின் ஓரம் வரை லோம் நீந்தி வந்தது.

"கூப்பிட்டது ஒருமுறைதான் ராக்னா," என்றது. "நான் அழுதது அவனுக்காக இல்லை."

அதுவே அதன் கடைசிப் பேச்சு. அழுகை மட்டும்தான் அதற்கு மிஞ்சியது. அந்த மூன்று வீடுகள் பெருகி லோம்ஹுல்ட் என்ற சிறு நகராட்சி ஆயின. மன்றக் கூட்டத்தில் தலைவர் பெயர் சொல்லி அழைத்தாலும் உறுப்பினர் உடனே எழுவதில்லை. திமிர் பிடித்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். ஆனால் அன்று முதல்தான் அங்கே பெற்ற தாயே அழைத்தாலும், இரண்டாம் முறை அழைக்கும் வரை ஒருவரும் வாய் திறப்பதில்லை.